கண்ணில் பூச்சி பறந்தால் செய்யக் கூடாதவை

வெள்ளைச் சுவரைப் பார்த்தால் குட்டி நூல் ஒன்று மிதக்கிறது. சரியாகப் பார்ப்போமே என்று கண்ணைத் திருப்பினால் அதுவும் கூடவே நழுவி ஓடுகிறது. கண்ணை நிறுத்திய பிறகும் கொஞ்சம் ஆடித்தான் அடங்குகிறது. ‘கண்ணில் பூச்சி பறக்கிறது’ என்போமே, அதுதான் இது.

தூசி விழுந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணைக் கசக்குவதும் கழுவுவதும்தான் முதல் தவறு. அந்த நூல் கண்ணுக்கு உள்ளே இருக்கிறது. விழிக்கோளத்தின் நடுவில் சுமார் 4 மில்லிலிட்டர் அளவுக்கு விட்ரியஸ் என்ற ஜெல்லி நிறைந்திருக்கிறது. பெரும்பகுதி தண்ணீர், மீதி நுண்ணிய கொலாஜன் இழைகள். வயது ஏற ஏற ஜெல்லி இளகி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. அந்தத் திரளின் நிழல் விழித்திரையில் விழுவதைத்தான் பூச்சி என்கிறோம். சொட்டு மருந்து விட்டு இதைக் கரைக்க முடியாது.

கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது வேறு கதை. சுருங்கும் ஜெல்லி, தான் ஒட்டியிருக்கும் விழித்திரையைப் பிடித்து இழுக்கிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. எப்படித் தொட்டாலும் இழுத்தாலும் அது மூளைக்கு ‘வெளிச்சம்’ என்று மட்டுமே சொல்லும். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கும்போது, கண்ணைத் திருப்பினால் கடைக்கண்ணில் பளிச்சென்று ஒரு கோடு வெட்டுவது இதனால்தான். தூக்கமில்லை, களைப்பு என்று பலரும் இதைத் தள்ளிவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு, ‘வலிக்கவில்லையே, பார்ப்போம்’ என்று காத்திருப்பதுதான். ஜெல்லி விழித்திரையை விட்டுப் பிரிவது 50 வயதைத் தாண்டியவர்களிடம் சகஜம். கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களுக்கும் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் முன்னதாகவே வரலாம். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். சிலருக்கு மட்டும், பிரியும்போது விழித்திரை கிழிகிறது. கிழிசலாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டால் லேசர் வைத்து ஓரங்களை அடைத்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விட்டுவிட்டால் கிழிசல் வழியே திரவம் புகுந்து, சுவரிலிருந்து காகிதம் உரிவதுபோல விழித்திரை உரியும். பிறகு அறுவைதான். உரிசல் மையப்பகுதியை எட்டிவிட்டால், அறுவைக்குப் பிறகும் பழைய பார்வை முழுசாகத் திரும்பாமல் போகலாம்.

ஆகவே கவனிக்க வேண்டியது மாற்றத்தைத்தான். பத்து வருடமாகக் கூடவே இருக்கும் இரண்டு பூச்சிகளுக்காகப் பதற வேண்டாம். திடீரென்று புதிதாக ஒரு கூட்டம், மிளகைத் தூவியதுபோல் புள்ளிகள், புதிதாக மின்னல், ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் இருட்டு, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். திரை இறங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கருஞ்சிவப்பாகப் புகை படர்ந்தால் அது உள்ளே ரத்தம் கசிவதாகவும் இருக்கலாம்.

இரண்டு கண்ணையும் திறந்து வைத்தே சோதிப்பதும் தவறு. ஒரு கண்ணின் ஓரம் இருண்டாலும் மற்றது ஈடுகட்டிவிடும். ஒவ்வொன்றாகப் பொத்திப் பாருங்கள்.

ஒற்றைத் தலைவலிக்கு முன் வரும் வெளிச்சத்தையும் இந்த மின்னலையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் தெரியும். வளைந்து நெளிந்த கோடுகளாகப் பரவி, 20, 30 நிமிடத்தில் மறையும். மின்னல் ஒரே கண்ணில் நொடிப்பொழுது வெட்டி மறையும். சந்தேகமாக இருந்தால் நீங்களே தீர்ப்பு சொல்லிக்கொள்ளாதீர்கள்.

கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துவிட்டு ‘கண் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று திரும்புவதும் நடக்கிறது. எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரியும்போதே ஓரத்தில் கிழிசல் இருக்கலாம். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து விழித்திரையின் ஓரம்வரை பார்த்தால்தான் தெரியும். அதன்பின் சில மணி நேரம் மங்கலாகவும் கூச்சமாகவும் இருக்கும் என்பதால் வண்டியை நீங்களே ஓட்டிப் போகாதீர்கள்.

மருத்துவர் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னதும் பலர் மறுபரிசோதனையை விட்டுவிடுவார்கள். ஜெல்லி முழுதும் பிரிந்து முடிய வாரக்கணக்காகும். கிழிசல் அதற்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதனால்தான் 4 முதல் 6 வாரத்தில் திரும்ப வரச் சொல்கிறார்கள்.

இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு: ஆபத்தில்லாத பூச்சியை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று அறுவைக்கு அவசரப்படுவது. ஜெல்லியை அகற்றும் அறுவையால் கண்புரை சீக்கிரம் வரலாம், விழித்திரையே கிழியவும் கூடும். படிக்கும்போது பூச்சி குறுக்கே வந்து நின்றால் கண்ணை மேலும் கீழும் நாலு தடவை அசைத்துப் பாருங்கள். உள்ளே திரவம் சுழன்று நிழல் ஓரமாக ஒதுங்கும்.