குவரி பில்டரில் ‘அல்லது’ போடும்போது கவனம்

பாம்பனில் நண்டு, கணவாய் வாங்கி அனுப்பும் நண்பர் ஒருவருக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக்கொடுத்தேன். நோட் ஜேஎஸ், அதோடு நெக்ஸ் (Knex) குவரி பில்டர், அதாவது தரவுத்தளத்துக்கான எஸ்கியூஎல் (SQL) வரியை நம் நிரலிலிருந்து கட்டித்தரும் கருவி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அல்லவா? அந்த நாட்களில் விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு போகும். அதனால் நாட்டுப்படகுச் சரக்கை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும் என்றார்.

படகுத்துறை ‘மண்டபம்’ ஊர் என்று ஒரு ‘வேர்’ (where, நிபந்தனை), பாம்பன் என்று ஒரு ‘ஆர்வேர்’ (orWhere, ‘அல்லது’ நிபந்தனை), நாட்டுப்படகு என்று இன்னொரு ‘வேர்’. சங்கிலியாகப் படிக்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வருடக் கணக்கை ஓட்டினால் மண்டபத்து விசைப்படகுகளும் வந்து நின்றன!

காரணம் இதுதான்: எஸ்கியூஎல்லில் ‘ஆண்ட்’ (AND, மற்றும்) முதலில் சேரும், ‘ஆர்’ (OR, அல்லது) பிறகுதான். நாட்டுப்படகு நிபந்தனை பாம்பனோடு மட்டும் ஒட்டிக்கொண்டது. மண்டபம் தனியாக நின்றுவிட்டது. பில்டர் தானாக அடைப்புக்குறி போடாது. இரண்டு துறைகளையும் ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து, அதை ‘வேர்’ உள்ளே கொடுங்கள், அடைப்புக்குறி வந்துவிடும். இப்படி இரண்டு நிபந்தனையும் அட்டவணையின் ஒரே நெடுவரிசையை (column) பற்றியது என்றால் ‘வேர்இன்’ (whereIn) இன்னும் எளிது. பிஎச்பி மொழியின் லாராவெல் (Laravel) குவரி பில்டரிலும் இதே கதைதான்.

சந்தேகம் வந்தால் ‘டூஎஸ்கியூஎல்’ (toSQL) போட்டு, உருவாகும் எஸ்கியூஎல் வரியைக் கண்ணால் பாருங்கள். நான் இப்போது ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

அப்புறம் ஒன்று. ஒரே பில்டரை இரண்டு அறிக்கைக்குப் பயன்படுத்தினால் முதலில் ‘குளோன்’ (clone, நகல்) எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முதல் அறிக்கையின் நிபந்தனை அடுத்ததிலும் ஏறிவிடும்.