கட்டியை எடுத்த பிறகு: மார்பகப் புற்றுநோயில் அடுத்த சிகிச்சைக்குப் போகும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் புற்றுநோய் வார்டில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, இப்போது பாம்பன் பக்கம் சொந்த ஊரோடு வந்துவிட்டேன். மண்டபம், தங்கச்சிமடம், பெரியபட்டினம், ஏர்வாடி என்று எந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி எடுத்தாலும், கொஞ்ச நாளில் யாராவது ஒருவர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அதைப் பிரித்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் எங்கே தடுக்கி விழுந்தோமோ, அதே இடத்தில் இன்றைக்கும் விழுகிறார்கள்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள், காயத்தைச் சுத்தமாக வையுங்கள் என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் அன்றைக்கே சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன். அறுவைக்கும் கீமோவுக்கும் (புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுவது) நடுவில் இருக்கிற அந்தச் சில வாரங்களில் நடப்பதுதான் என் கவலை.

எடுத்த கட்டி எங்கே போனது என்று கேட்காமல் விடுவது

கட்டியை எடுத்தாச்சு, இனிப் பயமில்லை என்று குடும்பமே மூச்சு விடுகிற நேரம் அது. ஆனால் கீமோ வேண்டுமா, எந்த மருந்து, எத்தனை முறை, கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டுமா, அப்புறம் வருடக்கணக்கில் மாத்திரை உண்டா என்று எல்லாவற்றையும் சொல்லப்போவது வெளியே எடுத்த அந்தச் சதைதான். அது உடம்பில் இருந்தபோது பட்ட கவலையில் கால்வாசிகூட வெளியே வந்த பிறகு யாரும் படுவதில்லை. எத்தனை தரம் பார்த்தாலும் இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் அடங்குவதே இல்லை.

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு அக்கா. சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் சனிக்கிழமை சாயங்காலம் அறுவை. தியேட்டரிலிருந்து வந்த ஒருவர் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மகன் கையில் கொடுத்து, "இதை லேபில் கொடுத்திருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். லேப் பூட்டியிருந்தது. மறுநாள் ஞாயிறு. மகன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். சதை கெடாமல் இருக்க ஐஸ்தான் வழி என்று பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவன். டப்பாவை வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் உறைகிற மேல்தட்டில் வைத்துவிட்டான். டப்பாவுக்குள் இருந்ததோ சதையைப் பதப்படுத்துகிற ஃபார்மலின் இல்லை, வெறும் சலைன் என்ற உப்புத் தண்ணீர். திங்கட்கிழமை பஸ்ஸில் ராமநாதபுரம் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் உருகி, உள்ளே சதை கொழகொழவென்று ஆகிவிட்டது. ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்பது மட்டும் வந்தது. ஹார்மோன் சோதனை வர வேண்டிய இடத்தில், திசு சரியாகப் பதப்படாததால் செய்ய முடியவில்லை என்று ஒரு வரி.

அந்தப் பையனை நான் ஒரு சொல் குறை சொல்லமாட்டேன். ஒன்றும் விளக்காமல் அவன் கையில் அதைக் கொடுத்தவர்களைத்தான் சொல்வேன்.

எடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இறங்கிவிட வேண்டும். தண்ணீர், சலைன், ஸ்பிரிட் எதுவும் அதற்கு மாற்று இல்லை. சதை முழுக்க மூழ்கி, அதைப்போலப் பல மடங்கு மருந்து டப்பாவில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. உறைந்தால் செல்கள் உடைந்துபோகும். ஃபார்மலின் சதைக்குள் ஏறுவது மிக மெதுவாக, மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். முழு மார்பையும் எடுத்திருந்தால் லேபில் அதை வெட்டித் திறந்துவிட்டால்தான் உள்ளே இருக்கிற கட்டிவரை மருந்து போய்ச் சேரும். அதனால்தான் அன்றைக்கே லேபுக்குப் போக வேண்டும் என்பது. ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் ஊறியிருந்தால்தான் ஹார்மோன் சோதனையின் முடிவை நம்பலாம்.

ஆகவே அறுவைக்கு முந்தின நாளே கேளுங்கள்: "கட்டி எந்த லேபுக்குப் போகும்? யார் கொண்டுபோவாங்க? ஃபார்மலின் இருக்கா? லேப் நாளைக்குத் திறந்திருக்குமா?" இதைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம். நல்ல டாக்டருக்கு இது நிம்மதியான கேள்வி. டப்பாவின் மேல் பெயர், வயது, வலதா இடதா, எடுத்த நேரம் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று ஒருவர் கண்ணால் பார்த்துவிடுங்கள். லேபில் கொடுத்ததும் பயாப்சி எண் போட்ட ரசீது வாங்குங்கள். அந்த எண் இருந்தால் எத்தனை மாதம் கழித்தும் தேடி எடுக்கலாம்.

ரிப்போர்ட் வர வாரம் பத்து நாள் ஆகும். வந்ததும் உறைக்குள் திணித்து பீரோவில் வைத்துவிடாமல் பிரித்துப் பாருங்கள். கட்டியின் அளவு, கிரேடு (செல்கள் எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன என்பது), வெட்டிய ஓரங்களில் நோய் மிச்சம் இருக்கிறதா, அக்குளில் எத்தனை நிணநீர் முடிச்சு எடுத்தார்கள், அதில் எத்தனையில் பரவியிருக்கிறது என்பதெல்லாம் இருக்க வேண்டும். இதற்குப் பிறகு ஈ.ஆர்., பி.ஆர். என்ற இரண்டு ஹார்மோன் சோதனை, ஹெர்-2 என்ற புரதத்துக்கு ஒன்று என்று மூன்று சோதனை. பல இடங்களில் தனியாக எழுதிக் கொடுத்து, தனியாகப் பணம் கட்டினால்தான் செய்வார்கள். முதல் ரிப்போர்ட்டோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து வீட்டில் இருந்துவிட்டு, கீமோ டாக்டர் கேட்கும்போது முழிக்கிறவர்கள்தான் அதிகம்.

ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால் டமாக்ஸிஃபென் போன்ற ஹார்மோன் மாத்திரை குறைந்தது 5 வருடம். ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி, வழக்கமாக ஒரு வருடம். ஹெர்-2 முடிவு 2+ என்று வந்தால் அது இரண்டும்கெட்டான். ஃபிஷ் என்ற இன்னொரு சோதனை செய்துதான் உறுதி சொல்ல முடியும். மூன்றும் நெகட்டிவ் என்றால் கீமோவைத் தள்ளிப்போடவே கூடாது. இந்த முடிவுகள் கையில் இல்லாமல் வைத்தியம் பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து ஏற்றுவதுதான்.

அந்த அக்காவுக்கு ஒரு வழி பிறந்தது. அறுவைக்கு முன் மதுரையில் ஊசி போட்டுச் சின்னத் துண்டு எடுத்துப் பார்த்திருந்தார்கள். அந்தத் துண்டை மெழுகில் பதித்த பிளாக் அங்கே லேபில் பத்திரமாக இருந்தது. அதிலேயே மூன்று சோதனையும் செய்துவிட்டோம். உங்கள் வீட்டிலும் கட்டி கெட்டுப்போயிருந்தால், தொலைந்திருந்தால், முதலில் பயாப்சி எடுத்த இடத்துக்கு ஓடுங்கள். அங்கேயும் இல்லை என்றால்தான் கைவிரிக்க வேண்டும். "இது வெறும் கொழுப்புக் கட்டி, லேபுக்கு அனுப்பத் தேவையில்லை" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். மார்பிலிருந்து எடுத்தது சுண்டைக்காய் அளவே ஆனாலும் லேபுக்குப் போக வேண்டும்.

காகிதங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடலோர வீட்டில் உப்புக்காற்று பட்டு ஒரே மழைக்காலத்தில் எல்லாம் நமத்துவிடும். ஈ.சி.ஜி. வருகிற பளபளப்புத் தாளில் கோடுகள் தானாகவே மங்கிப்போகும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். ரிப்போர்ட் ஒவ்வொன்றையும் இரண்டு பேர் ஃபோனில் படம் பிடித்து வைத்திருக்கட்டும்.

தடைக்காலம் வரட்டும் என்று தள்ளிப்போடுவது

"தடை விழட்டும் மதினி, அப்பத்தான் நான் கரையில இருப்பேன், நானே கூட்டிட்டுப் போறேன்." பிப்ரவரியில் அறுவை முடிந்த பெண்ணின் கணவர் சொன்னது. அக்கறையில் சொன்னதுதான். ஆனால் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள். அதற்காகக் காத்திருந்து மதுரை போய், பரிசோதனை எல்லாம் முடித்து முதல் கீமோ ஏறும்போது மே ஆகிவிடும். காயம் ஆறியதும், அதாவது அறுவை முடிந்து நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் கீமோ தொடங்குவது நல்லது. 90 நாளைத் தாண்டினால் பலன் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

கணவர்தான் வர வேண்டும் என்று இல்லை. மருந்து ஏற்றி அன்றைக்கே திரும்புவதுதான் பெரும்பாலும். பலருக்கு 21 நாளுக்கு ஒரு முறை, சில மருந்து வாரா வாரம். நாத்தனார், தங்கை, பக்கத்து வீட்டு அக்கா என்று இரண்டு மூன்று பேரை முன்னாலேயே பேசி வையுங்கள். முதல் சில முறைக்குப் பிறகு மீதியை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே ஏற்றிக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 170 கிலோமீட்டர். வயிற்றைப் பிரட்டுகிற உடம்போடு அது லேசான பயணம் இல்லை. கரண்ட் வைப்பது வேறு கணக்கு. மூன்றிலிருந்து ஐந்து வாரம், சனி ஞாயிறு நீங்கலாகத் தினமும். அதற்கு மதுரையில் தங்கத்தான் வேண்டும். கீமோ ஓடும்போதே இடம் பார்த்துவிடுங்கள்.

கையை அசைக்காமல் பொத்தி வைப்பது

தையல் பிரிந்துவிடும் என்று பயந்து, அறுவை செய்த பக்கத்துக் கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். தோள் இறுகிவிடுகிறது. கரண்ட் வைக்க மேஜையில் படுத்து அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். தூக்க வராமல் திரும்பி வந்தவர்கள் உண்டு. விரல், முழங்கை அசைவு மறுநாளே தொடங்கலாம். காயத்தில் ஊறுகிற நீரை வெளியேற்ற வைத்த ட்ரெயின் குழாயை எடுத்த பிறகு சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே மேலே ஏறுங்கள். எட்டிய உயரத்தில் தினமும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.

அக்குள் முடிச்சுகளை எடுத்திருந்தால் அந்தக் கையில் ஊசி, பிரஷர் பட்டை வேண்டாம். நம் பக்கத்துக்கு இன்னும் ஒன்று: மீன் ஆயும்போது குத்துகிற முள். திருக்கை, கெளிறு, நண்டுக் கால், எதுவானாலும் அந்தக் கையில் ஏறினால் சீக்கிரம் சீழ் பிடித்துக் கை வீங்கும். ரப்பர் கையுறை போடாமல் அரிவாள்மனையில் உட்காராதீர்கள். பாசி எடுக்கப் போகிறவர்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டால் பாறை வெட்டுக்கு ஓரளவு தாங்கும். கீமோ ஓடும் மாதங்களில் அதுவும் போதாது. காயத்தோடு கடலில் இறங்கவே வேண்டாம். சூடான கடல் தண்ணீரில் இருக்கிற சில கிருமிகள் எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

மீனையும் முட்டையையும் நிறுத்துவது

புண் ஆறாது, சீழ் வைக்கும் என்று பத்தியம் போட்டு, ரசமும் பிரெட்டும் மட்டும் கொடுத்துக் கூட்டிவருகிறார்கள். புண் ஆறவே புரதம்தான் வேண்டும். சூடை, சாளை, காரல் எது கிடைத்தாலும் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். பழைய கருவாடு மட்டும் கீமோ முடியும்வரை இருக்கட்டும்.

முள் சீத்தா இலை, பேர் தெரியாத சூரணம்

கீமோ முடியும்வரை வேண்டவே வேண்டாம்.

சொத்தைப் பல்

கீமோவுக்கு முன்பே பார்த்து முடியுங்கள்.

முடி

முதல் கீமோ ஏறி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். முன்னாடியே குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். திரும்ப முளைக்கும்.

குழந்தையைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுவது

இனியும் பிள்ளை பெற ஆசை இருந்தால் முதல் கீமோவுக்கு முன்பே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வழிகள் சுருங்கிவிடும். சிகிச்சை ஓடும்போது கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை ஆகாது.

காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருப்பது

கீமோ ஏறி ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், ராத்திரி இரண்டு மணியானாலும் சரி, உடனே பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலையில் மதுரை போய் நம் டாக்டரையே பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நுழைந்ததும் முதல் வார்த்தையாக "கீமோ ஓடுது" என்று சொல்லுங்கள். பாரசிட்டமால் போட்டுக் காய்ச்சலை அமுக்கினால் வெளியே தெரியாது, உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள்; தொட்டுப் பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது.

காப்பீட்டு அட்டை

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் பெயர் வேறு வேறாக இருந்தால் இந்த வாரமே திருத்துங்கள்.

எல்லாம் முடிந்தது என்று மாத்திரையை நிறுத்துவது

கீமோவும் கரண்டும் முடிந்ததும் ஊரில் சோறு போட்டுக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் ஈ.ஆர். பாசிட்டிவ் ஆனவர்களுக்கு அன்றைக்குத்தான் நீண்ட பகுதி தொடங்குகிறது. உடம்பு சூடாகிறது, மாதவிலக்கு முன்னே பின்னே ஆகிறது என்று டமாக்ஸிஃபெனை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு வழி பார்ப்பார். மாதவிலக்கு நின்றவருக்குத் திரும்ப ரத்தம் பட்டாலோ, ஒரு பக்கக் காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். புயல் எச்சரிக்கைக் காலத்தில் தீவிலிருந்து நகர முடியாத நாட்கள் வரும்; அட்டையில் பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள்.