தொடக்கப் பள்ளியில் அவசர நிலை: அபாய மணியிலிருந்து கடைசிப் பிள்ளையை ஒப்படைக்கும் வரை

பல பள்ளிகளில் அவசரகாலத் திட்டம் என்பது தலைமையாசிரியர் அறை அலமாரியில் தூங்கும் தடித்த கோப்பு. தீப்பிடிக்கும் நேரத்தில் அதை யாரும் எடுத்துப் புரட்டப் போவதில்லை. முப்பது சின்னஞ்சிறு பிள்ளைகளோடு வகுப்பில் தனியாக நிற்கும் ஆசிரியருக்கு என்ன தெரியும், எதைச் செய்ய அவருக்கு அனுமதி உண்டு என்பதுதான் உண்மையான திட்டம். புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கும், எழுத்தில் இதுவரை எதுவுமே இல்லாத பள்ளிகளுக்கும் இந்தச் செய்முறை.

படி 1: யாரையும் கேட்காமல் எதைச் செய்யலாம் என்று எழுதுங்கள்

தொலைபேசிப் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இதை எழுதுங்கள்: தீயையோ புகையையோ பார்ப்பவர் யாராக இருந்தாலும், துப்புரவுப் பணியாளர் உட்பட, தாமே அபாய மணியை அடிக்கலாம், பிள்ளைகளை வெளியேற்றலாம், அவசர எண்ணை அழைக்கலாம். அது வெறும் புரளியாகப் போனாலும் கண்டிப்பு கிடையாது. தலைமையாசிரியர் கையெழுத்துடன் ஒரே பத்தியாக இதை எல்லா வகுப்பிலும் ஒட்டிவிடுங்கள்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் இஷினோமாகி நகரிலுள்ள ஓகாவா தொடக்கப் பள்ளியில், நிலநடுக்கத்துக்குப் பின் பிள்ளைகளை மைதானத்தில் ஒழுங்காகவே திரட்டினார்கள். அங்கிருந்து எங்கே போவது என்பதில்தான் சிக்கல். பள்ளியின் கையேட்டில் குறிப்பிட்ட இடம் எதுவும் இல்லை. காலி மனை, பூங்கா என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தது. தலைமையாசிரியர் அன்று பள்ளியில் இல்லை. ஏறத்தாழ 50 நிமிடம் மைதானத்திலேயே கழிந்தது. பின்னாலேயே குன்று இருந்தும், 74 பிள்ளைகளையும் 10 ஆசிரியர்களையும் சுனாமி கொண்டுபோனது.

ஆகவே ஒவ்வொரு பொறுப்புக்கும் மூன்று பெயர்கள்: முதலாமவர், அவர் வராத நாளில் இரண்டாமவர், இருவரும் இல்லாவிட்டால் மூன்றாமவர். கூடும் இடங்களும் பெயரோடு இருக்க வேண்டும். வளாகத்துக்குள் ஒன்று, வளாகமே ஆபத்தானால் நடந்து போகும் தூரத்தில் வெளியே ஒன்று, வெள்ளமோ கடலோ வரக்கூடிய இடமென்றால் மேட்டில் ஒன்று. வெளி இடத்தின் சொந்தக்காரரிடம் முன்பே பேசி, சாவி யாரிடம் என்பதையும் குறித்துவையுங்கள்.

படி 2: நான்கே கட்டளைகள்

ஒவ்வோர் ஆபத்துக்கும் தனித்தனி நடைமுறை எழுதினால் ஒன்றும் மனதில் நிற்காது. செய்ய வேண்டிய செயல்கள் நான்குதான்.

- வெளியேறு: தீ, எரிவாயுக் கசிவு, கட்டடத்தில் விரிசல்.
- உள்ளே வா: இடி மின்னல், சூறைக்காற்று, வெளியே நச்சுப் புகை, வளாகத்தில் வெறிநாய்.
- பூட்டு: தீங்கு செய்யும் நோக்கத்தோடு யாரோ உள்ளே நுழைந்துவிட்டார்.
- குனி, மறை, பிடி: நிலநடுக்கம்.

‘சிவப்பு நிலை’, ‘மூன்றாம் எண்’ போன்ற மறைமொழி வேண்டாம். நேற்று சேர்ந்த தற்காலிக ஆசிரியருக்கும் முதல் வகுப்புப் பிள்ளைக்கும் கேட்டவுடனே விளங்க வேண்டும்.

அபாய மணியின் ஓசை பாடவேளை மணியிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும். மின்சார மணியை மட்டும் நம்பினால் மின்தடையின்போது ஊமையாகிவிடும். கைமணி, விசில், பேட்டரியில் ஓடும் கைஒலிபெருக்கி தயாராக இருக்கட்டும். ஒருவர் மணியடிக்க, மற்றவர் கழிப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டும், சமையலறையிலும், மைதானத்தின் கடைக்கோடியிலும் நின்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கழிப்பறையில்தான் கேட்காது.

படி 3: வழிகளை நடந்து பாருங்கள்

வரைபடத்தைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் இரண்டு வழிகளில் கூடும் இடம்வரை நடந்து பார்த்த பிறகே வரையுங்கள். போகும்போது கவனிக்க வேண்டியவை:

- கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறதா? பள்ளி நேரத்தில் எந்த வெளியேறும் கதவுக்கும் பூட்டு கூடாது. சாவி தேடும் நேரம் நமக்குக் கிடைக்காது.
- படிக்கட்டின் அடியில் பழைய பெஞ்சு, காகிதக் கட்டு, எரிவாயு உருளை ஏதாவது கிடக்கிறதா? இருந்தால் இன்றே அகற்றுங்கள்.
- படிக்கட்டுக்குக் கதவு உண்டா? அதைக் கல் வைத்துத் திறந்தே வைத்திருக்கிறார்களா?

மூன்றாவதைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். 1958 டிசம்பர் 1 அன்று சிகாகோவின் அவர் லேடி ஆஃப் த ஏஞ்சல்ஸ் பள்ளியில் 92 பிள்ளைகளும் 3 கன்னியாஸ்திரீகளும் இறந்த தீ, ஒரு படிக்கட்டின் அடியில்தான் தொடங்கியது. மேல்தளத்தில் தடுப்புக் கதவு இல்லாததால் அந்தப் படிக்கட்டே புகைபோக்கியாகிவிட்டது. மூடிய ஒரு கதவு, புகையைச் சில நிமிடங்களாவது நிறுத்திவைக்கும். கூரை விஷயத்தில் சமரசமே கூடாது: 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையலறைத் தீ ஓலைக்கூரைக்குத் தாவியதில் 94 பிள்ளைகள் இறந்தார்கள். எரியும் கூரைக்குக் கீழே எந்த ஒத்திகையும் உதவாது.

கூடும் இடம் கட்டடத்திலிருந்து குறைந்தது 15 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். உயரமான கட்டடமென்றால் இன்னும் தள்ளி. மின்கம்பிக்கும் பெரிய மரத்துக்கும் மதிலுக்கும் கீழே வேண்டாம். தீயணைப்பு வண்டி வரும் பாதையிலும் வேண்டாம்.

படி 4: வகுப்புப் பை

ஒவ்வொரு வகுப்பிலும் கதவருகே, பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பை தொங்கட்டும். உள்ளே: பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் (யார் வந்து அழைத்துப் போகலாம் என்ற விவரத்துடன், காகிதத்தில்), பேனா, விசில், டார்ச், பச்சை அட்டை ஒன்று, சிவப்பு அட்டை ஒன்று, கையுறை, காயத்தில் வைத்து அழுத்தச் சுத்தமான துணி, பெயர் எழுதி ஒட்ட அகலமான டேப். கைபேசியிலோ கணினியிலோ மட்டும் இருக்கும் பட்டியல் அன்றைக்கு உதவாது. மின்சாரமும் இணையமும்தான் முதலில் போகும்.

ஆஸ்துமா இன்ஹேலர், ஒவ்வாமைக்கான எபிநெஃப்ரின் ஊசி முதலியவை பிள்ளையின் பெயரோடு இந்தப் பையிலோ ஆசிரியரிடமோ இருக்க வேண்டும். அலுவலக அறையில் பூட்டி வைத்தால், வெளியேறிய பிறகு எடுக்க முடியாது. பருவத்துக்கு ஒருமுறை காலாவதித் தேதியையும் பேட்டரியையும் பாருங்கள்.

படி 5: வெளியேற்றம்

இதை மட்டும் மனப்பாடமாகவே தெரிந்துவைத்திருங்கள்.

1. உரக்க, ஆனால் கத்தாமல், சுருக்கமாகச் சொல்லுங்கள்: “எழுந்திருங்க. வரிசை. கை பிடிங்க. நடங்க.” நீங்கள் பதறினால் வகுப்பே பதறும்.
2. மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திறக்காதீர்கள், இரண்டாவது வழி.
3. பையையும் அன்றைய வருகைப் பதிவேட்டையும் எடுங்கள். செருப்பு, புத்தகப்பை எதற்கும் நிற்க வேண்டாம்.
4. உதவியாளர் இருந்தால் அவர் முன்னால், ஆசிரியர் கடைசியில். தனியாக இருந்தால் பொறுப்பான பிள்ளைகள் இருவரை முன்னால் நிறுத்துங்கள். வழியில் புகை வரக்கூடுமென்றால் பெரியவர்தான் முன்னால் போக வேண்டும்.
5. வெளியேறுமுன் பெஞ்சுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் ஒரு பார்வை. பயந்த சிறு பிள்ளை ஓடாது, ஒளிந்துகொள்ளும். கூப்பிட்டால் பதிலும் சொல்லாது.
6. கதவைச் சாத்துங்கள், பூட்டாதீர்கள்.
7. புகை இறங்கியிருந்தால் தரையோடு தவழ்ந்து போக வேண்டும். லிஃப்ட் கூடவே கூடாது.
8. கூடும் இடத்தில் தலையெண்ணாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். 31 தலை சரியாக வரும், ஆனால் அதில் ஒன்று பக்கத்து வகுப்புப் பிள்ளையாக இருக்கும். உங்களுடையது கழிப்பறையில் இருக்கும்.
9. எல்லோரும் இருந்தால் பச்சை அட்டையைத் தூக்குங்கள். ஒருவர் குறைந்தாலோ கூடினாலோ சிவப்பு. சிவப்பு அட்டை உள்ள வகுப்புக்குப் பொறுப்பாளரே வந்து, பெயரையும் கடைசியாகப் பார்த்த இடத்தையும் எழுதிக்கொண்டு, தீயணைப்பு வீரர்களிடம் கொடுப்பார். பிள்ளையைத் தேடி ஆசிரியர் திரும்ப உள்ளே போகக் கூடாது. வெளியே நிற்கும் முப்பது பேரையும் யார் பார்ப்பது?

கழிப்பறை, நூலகம், மேடைக்குப் பின்புறம் இவற்றைப் பார்ப்பதற்குத் தளத்துக்கு ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டு பெரியவர்கள், மாற்றாக இன்னும் இருவர், முன்கூட்டியே தூக்கிப் பழகியவர்களாக. பெரும் ஓசைக்கு மிரளும் பிள்ளைக்குக் காது மூடும் கருவியையும் கை பிடிக்க ஒருவரையும் ஏற்பாடு செய்யுங்கள்.

தீயணைப்பான் பற்றி ஒரு சொல். குப்பைக்கூடை அளவுத் தீ, உங்கள் முதுகுப்பக்கம் வெளியேறும் வழி, பிள்ளைகள் ஏற்கெனவே வெளியே: மூன்றும் இருந்தால் மட்டும் எடுங்கள். ஊசியைப் பிடுங்கி, குழாயைத் தீயின் அடிப்பகுதிக்கு நேராக வைத்து, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீசுங்கள். சாதாரண பவுடர் உருளை 20 நொடிக்குள் தீர்ந்துவிடும். அதற்குள் அணையாவிட்டால் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள்.

படி 6: மற்ற மூன்று கட்டளைகள்

*குனி, மறை, பிடி.* பெஞ்சுக்கு அடியில் முழங்காலிட்டு, ஒரு கையால் பிடரியை மூடி, மறு கையால் பெஞ்சுக் காலைப் பிடிக்க வேண்டும். அது நகர்ந்தால் கூடவே நகர வேண்டும். ஆடும்போது ஓடுபவர்தான் அதிகம் அடிபடுவார். சக்கர நாற்காலியென்றால் பிரேக் போட்டு, குனிந்து, தலையையும் கழுத்தையும் மூட வேண்டும். நின்ற பிறகே வெளியேற்றம். பின்னதிர்வு வந்தால் மறுபடியும் குனி.

*உள்ளே வா.* நச்சுப் புகையென்றால் சன்னல், மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் மூடி அணைத்து, கதவிடுக்கில் ஈரத்துணி. பல நச்சு வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை, அடித்தளத்தைத் தவிருங்கள். மின்னலென்றால் கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மைதானம் கிடையாது.

*பூட்டு.* நடைவழியில் நிற்கும் பிள்ளைகளை இழுத்து உள்ளே விட்டு, தாழிட்டு, விளக்கணைத்து, கதவுக் கண்ணாடி வழியே தெரியாத மூலையில் தரையில் உட்கார வையுங்கள். கைபேசியில் அதிர்வுகூட வேண்டாம். யார் தட்டினாலும், தெரிந்த குரலானாலும், திறக்காதீர்கள். விடுவிக்க வருபவர் சாவியோடுதான் வருவார் என்பதே விதி. இதற்கிடையில் தீ மணி அடித்தால், உண்மையிலேயே புகையோ சூடோ தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் நகர வேண்டும்.

படி 7: அவசர அழைப்பும் முதலுதவியும்

தொலைபேசிக்கு அருகில் பள்ளியின் முழு முகவரி, எந்த வாசல் வழியாக வர வேண்டும், வெளி அழைப்புக்கு முன்னால் அழுத்த வேண்டிய எண் உண்டென்றால் அதுவும் ஒட்டியிருக்கட்டும். பதற்றத்தில் தன் பள்ளித் தெருப்பெயரே நினைவுக்கு வராது. எதிர்முனை சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள். ஒருவர் வாசலில் நின்று வண்டிக்கு வழிகாட்டட்டும்.

முதலுதவியை முறையான பயிற்சியில்தான் கற்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் அடிக்கடி வருபவை இவை:

- தொண்டை அடைப்பு (இருமவோ பேசவோ முடியவில்லை): முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் 5 தட்டு, பிறகு தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேலாக 5 அழுத்தம், வெளியே வரும்வரை மாறி மாறி.
- வலிப்பு: பிடித்து அமுக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். சுற்றியிருப்பதை அகற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.
- தீக்காயம்: 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர். ஐஸ், பற்பசை, மை எதுவும் வேண்டாம்.
- தலையில் அடி: வாந்தி, குழப்பம், தூங்கி விழுதல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனை. பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

படி 8: பெற்றோரிடம் ஒப்படைத்தல்

நன்றாக வெளியேற்றிய பள்ளிகள்கூட இங்கேதான் குழம்புகின்றன. பெற்றோர் வாசலில் முட்டி மோதுவார்கள், ஆளாளுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், பிள்ளைகள் ஓடுவார்கள். அரை மணி கழித்து யார் யாருடன் போனார் என்பது எவருக்கும் தெரியாது.

வாசலருகே ஒரு மேசை. பிள்ளைகள் அங்கிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில். வருபவர் சீட்டில் பிள்ளையின் பெயர், வகுப்பு, தன் பெயர், உறவு எழுதித் தருவார். அடையாள அட்டையையும், பெற்றோர் ஆண்டுத் தொடக்கத்தில் தந்த பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு ஓர் ஆள் சீட்டோடு போய்ப் பிள்ளையை அழைத்து வருவார். வேறொரு வழியில், கையெழுத்தும் நேரமும் வாங்கி அனுப்புங்கள்.

பிள்ளையிடம் “இவர் உன் மாமாவா?” என்று கேட்காதீர்கள், தலையாட்டிவிடும். “வந்திருக்கிறது யாரு?” என்று கேளுங்கள். பட்டியலில் இல்லாதவர் எவ்வளவு கெஞ்சினாலும், எவ்வளவு தெரிந்தவரானாலும், பெற்றோரிடம் பேசாமல் அனுப்பக் கூடாது. மருத்துவமனைக்குப் போன பிள்ளையோடு ஊழியர் ஒருவர் போக வேண்டும். அந்தப் பெற்றோரை மேசையில் நிறுத்தாமல் தனியறைக்கு அழைத்துப் பேசுங்கள்.

பெற்றோருக்கான குறுஞ்செய்தியை இப்போதே எழுதிவையுங்கள்: என்ன நடந்தது, எங்கே வர வேண்டும், அடையாள அட்டை கொண்டு வரவும். அழைப்பு போகாத நெரிசலிலும் குறுஞ்செய்தி பல நேரம் போய்ச் சேரும்.

படி 9: ஒத்திகை

முதல் ஒத்திகையைச் சொல்லிவிட்டு நடத்துங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு முடிச்சைச் சேருங்கள். ஒரு படிக்கட்டை ‘இங்கே தீ’ என்ற அட்டையோடு மறியுங்கள். சாப்பாட்டு வேளையில் மணியடியுங்கள். தலைமையாசிரியரை ஒதுங்கி நிற்கச் சொல்லி, இரண்டாமவர் நடத்தட்டும். ஒரு பிள்ளையை ஊழியர் ஒருவரின் பாதுகாப்பில் வேறிடத்தில் உட்கார வைத்து, வகுப்பு சிவப்பு அட்டை தூக்குகிறதா என்று பாருங்கள். பச்சை தூக்கினால், பெயர் கூப்பிடவில்லை என்று பொருள்.

‘பூட்டு’ ஒத்திகையில் போலித் துப்பாக்கி, போலி ரத்தம், முகமூடி ஆள் எதுவும் வேண்டாம். பிள்ளைகள் கற்பதைவிடப் பயப்படுவதே அதிகம். “அமைதியாக மூலையில் உட்கார்ந்து பழகுகிறோம்” என்றால் போதும்.

முடிந்த அன்றே ஊழியர்களைப் பத்து நிமிடம் கூட்டுங்கள். திறக்க முடியாத கதவு, கேட்காத மணி, காணாத பை என்று கண்ட குறைகளை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் சரிசெய்பவரின் பெயரும் தேதியும் போடுங்கள். அடுத்த ஒத்திகைக்கு மணியடிக்குமுன் அந்தத் தாளை எடுத்துச் சரிபாருங்கள்.