சென்னைப் புழுக்கத்தில் கொல்லைப்புறக் காய்கறித் தோட்டம்: முதல்முறை போடுகிறவர்களுக்கு

சென்னையில் தோட்டம் போட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் வெயிலைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். வெண்டைக்கும் கொத்தவரைக்கும் வெயில் என்றால் கொண்டாட்டம். இந்த ஊரில் செடியைச் சாகடிப்பவை இரண்டு: வேரடியில் தேங்கும் தண்ணீர், காற்று புகாத மூலையில் மணிக்கணக்காக உலராமல் நிற்கும் இலை ஈரம். கடல் பக்கத்திலேயே இருப்பதால் இரவிலும் புழுக்கம் விடுவதில்லை, பூஞ்சாணத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கீழே சொல்லும் வேலைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் தவிர்க்கத்தான். கடலூர், புதுச்சேரி, நாகை என்று கடலோரத்தில் எங்கே இருந்தாலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் பொருந்தும். ஓசூர், கோவைக்காரர்களுக்குக் காலம் மாறும்.

படி 1: இடத்தைப் பாருங்கள், மண்ணைச் சோதியுங்கள்

ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். காலையிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை வெயில் விழுந்து, அதற்குப் பிறகு வீட்டு நிழல் வந்துவிடுகிற கிழக்குப் பக்கம் கிடைத்தால் விடாதீர்கள். காம்பவுண்ட் சுவரை ஒட்டி நட வேண்டாம், இரண்டடியாவது தள்ளி வாருங்கள். சுவர் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்து இரவில் கக்கும், காற்றையும் மறிக்கும். ஏசி அவுட்டோர் யூனிட் ஊதும் பக்கமும் ஆகாது.

அப்புறம் மண். ஒரு அடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி வற்ற விடுங்கள். மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். அரை மணி, ஒரு மணி நேரத்தில் காணாமல் போனால் மணல் மண். நாலைந்து மணி நேரம் கழித்தும் குழியில் தண்ணீர் நின்றால் களி. திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம், தண்டையார்பேட்டைப் பக்கம் பெரும்பாலும் மணல். மாம்பலம், விருகம்பாக்கம், வில்லிவாக்கம், பெரம்பூர்ப் பக்கம் களி. ஆனால் வீடு கட்டும்போது கொட்டிய ரப்பீஸ் எந்த ஏரியாவிலும் இருக்கும். செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி எல்லாவற்றையும் பொறுக்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

படி 2: மேட்டுப்பாத்தி போடுங்கள்

இந்த விளக்கத்தில் ஒரே ஒரு படியைத்தான் ஒழுங்காகச் செய்வேன் என்று நீங்கள் அடம்பிடித்தால், அது இதுவாக இருக்கட்டும்.

மூன்றடி அகலம், எட்டு முதல் பத்தடி நீளம். இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. களிமண் என்றால் முக்கால் அடியிலிருந்து ஒரு அடி உயரம், மணல் மண் என்றால் அரையடி போதும். பாத்திகளுக்கு நடுவே ஒரு அடி வாய்க்கால் விட்டு, அதன் வாட்டம் தெருப் பக்கமோ மழைநீர்த் தொட்டிப் பக்கமோ இருக்கும்படி சரித்துவிடுங்கள். சென்னைக்கு ஆண்டில் சுமார் 1,400 மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்தத் தண்ணீருக்கு இப்போதே வழி வைக்க வேண்டும்.

பாத்தி மண்ணை ஒரு அடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, மேலே இரண்டு அங்குல உயரத்துக்கு மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ பரப்பிக் கலந்துவிடுங்கள். மேலே சொன்ன அளவுள்ள பாத்திக்கு இரண்டு மூன்று மூட்டை பிடிக்கும். கூடவே அரை கிலோ முதல் ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கு. உரம் மக்கியதா என்று பார்க்க மோந்து பார்த்தாலே போதும், மண்வாசனை அடிக்க வேண்டும். சாண நாற்றமும் சூடும் இருந்தால் இன்னும் இரண்டு மாதம் ஓரமாகக் குவித்து வையுங்கள். பச்சைச் சாணத்தோடு வண்டுப் புழுவும் சேர்ந்து வரும்.

களிமண்ணில் இரண்டு சட்டி மணலைக் கொட்டினால் பொலபொலப்பாகிவிடும் என்பது தப்புக் கணக்கு. காய்ந்ததும் இன்னும் இறுகிப்போகும். மக்கு உரம்தான் களியை உடைக்கும், மணலில் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அதேதான். பாத்தியை ஒரு வாரம், பத்து நாள் லேசான ஈரத்தோடு ஆறப் போட்டுவிட்டு விதைக்கு வாருங்கள்.

படி 3: பட்டம் பார்த்துப் பயிரைத் தேர்ந்தெடுங்கள்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது கடலோரத்துக்கும் பொருந்தும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை விதைத்தால் அக்னி வெயில் தணிந்திருக்கும், சாயங்கால இடிமழை அவ்வப்போது கைகொடுக்கும், ஐப்பசி அடைமழைக்கு முன்னால் செடி வேர்பிடித்துக் காய்க்கவும் தொடங்கிவிடும். வெண்டை, கத்தரி, மிளகாய், பாகல், புடலை, பீர்க்கு, சுரை, அவரை எல்லாவற்றுக்கும் இதுதான் நல்ல நேரம்.

அடுத்தது தைப்பட்டம். மழை ஓய்ந்து மண் நடுகிற பதத்துக்கு வந்திருக்கும், பூச்சித் தொல்லையும் கொஞ்சம் குறைவு. சித்திரை வெயிலிலும் விதைத்தே தீருவேன் என்கிறவர்களுக்கு வெண்டை, கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை இருக்கின்றன. பந்தல் அவரையை மட்டும் அப்போது போடாதீர்கள். நாட்டு அவரைக்குப் பகல் குறுகினால்தான் பூ வரும். சித்திரையில் போட்டால் மாதக்கணக்கில் கொடியும் இலையும்தான் பார்ப்பீர்கள்.

தக்காளியைப் பற்றி எல்லோரும் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பகலில் 35 டிகிரியையும் இரவில் 25 டிகிரியையும் ஒட்டி வெப்பம் போனால் தக்காளி மகரந்தம் கெட்டுப்போகும், பூ காய் பிடிக்காமல் உதிரும். சென்னையில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இரவுகள் பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தாண்டியேதான் இருக்கின்றன. செடி பச்சைப் பசேலென்று நிற்கும், பூக்கும், கொட்டும். உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. அக்டோபரில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு, நவம்பரில் கூரை விளிம்புக்கு அடியிலோ தொட்டியிலோ நட்டால், குளிர்ந்த இரவுகள் இருக்கும் மார்கழி, தை மாதங்களில் பூப்பு வரும். அதுதான் தக்காளிக்கு இங்கே உள்ள ஒரே நல்ல காலம்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட் விதைப் பாக்கெட்டுகள் கடையில் அழகாகத் தொங்கும். எடுக்காதீர்கள்.

முதல் பட்டத்துக்கு என் சிபாரிசு: எட்டுப் பத்து வெண்டை, நாலு கத்தரி, ஒரு வரிசை கொத்தவரை, ஒரு சதுர மீட்டர் தண்டுக்கீரை, பந்தலுக்கு ஒரே ஒரு காய் (பாகல் அல்லது புடலை). வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிப் போகும் தேமல் நோய் இங்கே பெரிய தொல்லை. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா ரகம் அதைத் தாங்குவதற்காகவே உருவானது. எந்தப் பாக்கெட் வாங்கினாலும் பேக் செய்த தேதியைப் பாருங்கள், இந்த ஈரக் காற்றில் விதை சீக்கிரம் முளைப்புத்திறனை இழக்கும். மிச்ச விதையை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

படி 4: விதைப்பும் நாற்றும்

வெண்டை, கொத்தவரை, கொடிக்காய்களை நேரடியாகப் பாத்தியிலேயே ஊன்றுங்கள். வெண்டை விதையை இரவு ஊறவைத்து, குழிக்கு இரண்டாக, அரை அங்குல ஆழத்தில். பாகல், புடலை விதைகளுக்குத் தோல் கெட்டி. நகவெட்டியால் ஓரத்தை லேசாகக் கிள்ளிவிட்டு ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி முளை தலைகாட்டியதும் நட்டால் பாதி விதை மண்ணுக்குள்ளேயே அழுகுவது தப்பும். கீரை விதையை நாலு பங்கு மணலோடு கலந்து தூவுங்கள். எறும்பு இழுத்துப் போகாமல் இருக்கப் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் போடுவது பழைய வழக்கம், இன்றும் வேலை செய்கிறது.

கத்தரி, மிளகாய், தக்காளிக்கு நாற்று விட வேண்டும். குழித்தட்டில் கழுவிய கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மண்புழு உரமும் பாதிக்குப் பாதி. குழிக்கு ஒரு விதை. நெருக்கமாகத் தூவினால் தண்டு அடியில் நூலாக இளைத்துச் சாய்ந்துவிடும். அதுதான் நாற்றழுகல், புழுக்கத்தின் முதல் வேலை. விதைப்பதற்கு முன்பே சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளை வடிகஞ்சியில் குழைத்து விதையில் பூசி நிழலில் உலர்த்துங்கள். கிலோ விதைக்கு 10 கிராம் என்பது கணக்கு, வீட்டுப் பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை தாராளம். முப்பது நாள் நாற்றைச் சாயங்காலத்தில் நடுங்கள்.

இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். கத்தரிக்கு இரண்டடிக்கு இரண்டடி, வெண்டை வரிசைக்கு ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி. குட்டி நாற்றாக இருக்கும்போது பாத்தி காலியாகத் தெரியும், கை குறுகுறுக்கும். அந்தக் காலி இடம் காற்றுக்கு.

படி 5: தண்ணீர்

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்று தண்ணீர் வேண்டாம். அவ்வளவுதான்.

மதியம் இரண்டு மணிக்குச் சுரை இலை வாடித் தொங்கினால் உடனே குடத்தோடு ஓடாதீர்கள். வேர் கொடுப்பதைவிட வேகமாக இலை தண்ணீரை விடுகிறது, அவ்வளவே. ஆறு மணிக்குப் பாருங்கள், நிமிர்ந்திருக்கும். அப்போதும் நிமிராவிட்டால்தான் ஊற்ற வேண்டும். எப்போது ஊற்றினாலும் காலையில், வேரடியில். சாயங்காலம் பூவாளியால் தலையில் குளிப்பாட்டினால் இரவு முழுக்க இலை ஈரமாகவே இருக்கும், நோயை நாமே அழைத்தது போலாகும்.

என்ன தண்ணீர் என்பதும் முக்கியம். கடலோர போர் தண்ணீரில் உப்பு கூடுதல். இலை நுனி தீய்ந்தது போல் காய்வது அதன் அடையாளம். மழைநீர், மெட்ரோ தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரைச் செடிக்கு விடச் சொல்லி ஊரெல்லாம் ஆலோசனை சொல்கிறார்கள். அந்த மெஷின் ஒதுக்கித் தள்ளிய உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் முதல் காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் மட்டை என எது கிடைத்தாலும் இரண்டு அங்குல மூடாக்குப் போடுங்கள். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டுத்தான். மே மாதத்தில் மட்டும் மேற்குப் பக்கமாக ஷேட் நெட் (நிழல் வலை) கட்டலாம், 35 சதவீத நிழல் தருவது போதும். 75 சதவீத நெட்டுக்குக் கீழே கீரைகூட நோஞ்சானாக வரும்.

படி 6: பந்தலும் பூவும்

ஆறடி உயரத்தில் நாலு கம்பு, மேலே நைலான் கயிறு குறுக்கும் நெடுக்குமாக. கொடி பந்தலை எட்டும் வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுங்கள். முதலில் வருவது ஆண் பூக்கள், அவை உதிர்வது இயல்பு. பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும். அதுவும் மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள், கையால் சேர்க்க வேண்டும். இங்கேதான் நேரம் முக்கியம்: பாகலும் பூசணியும் விடியற்காலையில் விரியும், பீர்க்கு, சுரை, புடலை சாயங்காலத்துக்கு மேல். ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டால் போதும். காலை ஏழு மணிக்குச் சுரைப் பூவைத் தேடிப் போவதில் பலனில்லை.

படி 7: பூச்சி, நோய்

தினமும் காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதுதான் மருந்துகளில் பெரிய மருந்து. வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை. அசுவினி (செடிப்பேன்), மாவுப்பூச்சிக்கு முதலில் குழாய்த் தண்ணீரைக் காலையில் பீய்ச்சி அடியுங்கள், பாதி போய்விடும். மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும், வெயில் சாய்ந்த பிறகு. இலை உலர நேரம் இருக்கும்படி ஐந்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

கத்தரியில் நுனிக் குருத்து மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி, நசுக்கிப் போடுங்கள். கொடிக்காய்களில் பழ ஈ குத்தினால் காய் கோணி அழுகும். பிஞ்சிலேயே காகிதப் பை கட்டுங்கள், விழுந்த காயை ஒருநாளும் மண்ணில் விடாதீர்கள்.

ஒன்றுக்கு மட்டும் மருந்து தேடி அலைய வேண்டாம். நேற்று வரை நன்றாக இருந்த கத்தரியோ தக்காளியோ இலை பச்சையாக இருக்கும்போதே முழுச் செடியும் துவண்டு, தண்ணீர் விட்டும் எழவில்லையா? தண்டின் அடியை வெட்டி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்க விடுங்கள். சில நிமிடத்தில் பால் போல நூல் நூலாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். செடியை வேர்மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் எதையும் சில ஆண்டுகளுக்கு நடாதீர்கள். கீரையோ சோளமோ போடலாம். கத்தரி இல்லாமல் முடியாது என்றால், சுண்டைக்காய்ச் செடி மீது ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று நர்சரிகளில் கிடைக்கிறது. சுண்டை வேர் இந்த நோயை நன்றாகவே தாங்கும்.

படி 8: ஐப்பசிக்கு முன்

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். வாய்க்கால் அடைப்பை எடுத்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்று பாருங்கள். மே மாதத்தில் கட்டிய ஷேட் நெட் இன்னும் இருந்தால் கழற்றி மடித்து வையுங்கள், கத்தரியின் அடி இலைகளை ஒரு அடி உயரம் வரை கிள்ளிவிடுங்கள், மூடாக்கைப் பாதியாகக் குறையுங்கள். கனத்த மூடாக்குக்குக் கீழேதான் ஆப்பிரிக்க ராட்சத நத்தை குடியிருக்கும். மழை இரவில் டார்ச் அடித்து, கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவதுதான் அதற்கு நிச்சயமான வழி. பப்பாளி இலையைப் பாத்தி ஓரத்தில் போட்டு வைத்தால் அங்கே வந்து கூடும், தேடி அலைய வேண்டாம். உப்பை மட்டும் நேரடியாகப் பாத்தியில் தூவாதீர்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் முற்றியது, பிஞ்சு என்று பார்க்காமல் பறித்துவிட்டு, பந்தல் கம்புகளை இழுத்துக் கட்டுங்கள். மழை விட்டு இரண்டு நாள் கழித்து, மண் கையில் ஒட்டாத பதத்தில் லேசாகக் கொத்திவிட்டு ஒரு கை மண்புழு உரம். வெண்டை அதற்குள் ஓய்ந்திருக்கும். பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் முள்ளங்கியோ அரைக்கீரையோ தூவலாம்.