குட்டி யானை விளையாடும்போது படம் எடுக்க

குட்டி யானைகளின் ஆட்டம் பெரும்பாலும் தண்ணீர், சேறு இருக்கும் இடத்தில்தான் நடக்கும். கூட்டம் குளத்துப் பக்கம் நகர்வது தெரிந்தால், பின்னாலேயே போகாமல் தள்ளி ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள்.

ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும். பிறந்து சில மாதங்களே ஆன குட்டிக்குத் தும்பிக்கை இன்னும் வசப்பட்டிருக்காது. சுழற்றும், வாயில் போட்டுச் சப்பும், சில சமயம் தானே மிதித்தும்விடும். அந்த நொடிகள் பட்டனை அழுத்திப் பிடித்து அடுத்தடுத்து எடுக்கும் தொடர் ஷாட்டில்தான் சிக்கும். ஃபோகஸ் கண்ணில் இருக்க வேண்டும். சேறு பூசிய கருந்தோல் ஃப்ரேமை நிறைத்தால் கேமரா படத்தை வெளிறடித்துவிடும், எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, அரை ஸ்டாப் (கேமராவில் -0.5) குறையுங்கள். முடிந்தவரை தாழ்வான கோணம். ஆனால் அதற்காக வண்டியை விட்டு இறங்கவே கூடாது. ஃபிளாஷும் வேண்டாம்.

அப்புறம், ஒரு கண் எப்போதும் தாய் மேல் இருக்கட்டும். அவள் காதை விரித்து உங்கள் பக்கம் திரும்பி நின்றாலோ, குட்டியை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டாலோ, எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும் சரி, கேமராவை இறக்கிவிட்டு மெதுவாகப் பின்வாங்குங்கள்.