மருந்துத் தேடலுக்கான சிறு மூலக்கூறுகள்: சட்டகத்தையே மாற்றும் முறை

ஆயிரம் சேர்மங்களைத் தயாரித்தாலும், அவை யாவும் ஒரே வளையச் சட்டகத்தில் வெவ்வேறு பக்கத் தொகுதிகளை மாட்டியவையாக இருந்தால், இலக்குப் புரதத்திற்கு அவை ஏறக்குறைய ஒரே வடிவம்தான். ஆகவே சட்டகத்தை மாற்றும் வழியை முதலில் வகுக்க வேண்டும். வேதியியலாளர் ஸ்டூவர்ட் ஷ்ரைபர் 2000-இல் முன்வைத்த பன்முகத் தொகுப்பு முறையின் நோக்கமும் இதுவே. கட்டுமான அலகுகளை ஆக்குதல், அவற்றை இணைத்தல், இணைந்தவற்றை உள்ளுக்குள்ளேயே வளையமாக மூடுதல் என அது மூன்று கட்டங்களில் நடைபெறும்.

இணைக்கும் கட்டத்திற்கு, இவார் ஊகி 1959-இல் வெளியிட்ட நான்கு கூறு வினை மிகவும் வசதியானது. அல்லைல் அமைனையும் 2-புரோமோபென்சால்டிஹைடையும் மெத்தனாலில் சிறிது நேரம் கலக்கி இமீன் (கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்மம்) உருவாகவிட்டு, அதன்பின் அசிட்டிக் அமிலத்தையும், இறுதியில் மூவிணைய பியூட்டைல் ஐசோசயனைடையும் சேர்க்கவும். நீர்த்த கரைசலில் வினை மந்தமாகும் என்பதால் கரைசல் அடர்த்தியாக இருக்கட்டும். ஐசோசயனைடின் நாற்றம் எளிதில் விலகாது. புகைபோக்கி அறைக்கு வெளியே அதைத் திறக்கவே கூடாது.

ஒரு நீர் மூலக்கூறு வெளியேறியபின் கிடைக்கும் விளைபொருளின் மூலக்கூறு எடை சுமார் 367. அதிலுள்ள புரோமினும் அல்லைல் இரட்டைப் பிணைப்பும் பல்லேடியம் வினையூக்கியால் ஹெக் வினையில் இணையும்போது ஹைட்ரஜன் புரோமைடு நீங்கி, சுமார் 286 எடையுள்ள ஐசோகுவினோலின் சட்டகம் உருவாகும். அசிட்டிக் அமிலத்திற்குப் பதில் இரட்டைப் பிணைப்புள்ள அமிலத்தைக் கொடுத்து, ரூதீனியம் வினையூக்கியால் வளையத்தை மூடினால், அதே வினை லாக்டம் (வளைய அமைடு) சட்டகத்தில் முடியும். வாய்வழி மருந்துகளின் மூலக்கூறு எடைக்கு லிப்பின்ஸ்கி 1997-இல் குறித்த 500 என்னும் எல்லைக்குள் இன்னும் தொகுதிகளைச் சேர்க்க இடமிருக்கும். பெரிய அலகுகளோடு தொடங்குவோர் இந்த இடத்தை முதல் படியிலேயே இழந்துவிடுகிறார்கள்.

ஊகி வினையில் புதிதாகத் தோன்றும் சீர்மையற்ற கார்பனின் அமைப்பைக் கட்டுப்படுத்துவது கடினம். ஆதலால் முப்பரிமாண வேறுபாட்டை, தூய எனான்சியோமர்களாக (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் ஒன்று மட்டுமாக) வாங்கிய அமினோ அமிலம் போன்ற அலகுகளின் வழியே கொண்டுவந்து, உருவாகும் டயாஸ்டீரியோமர்களை (கண்ணாடிப் பிம்பமல்லாத முப்பரிமாண வடிவங்களை) பிரித்துத் தனித்தனியாகச் சோதிப்பதே நல்லது.

தொகுப்பைத் தொடங்கும் முன்பே, கணினியில் ஒவ்வொரு மூலக்கூறின் நிலைமத் திருப்புத்திறன்களையும் (நிறை எப்படிப் பரவியுள்ளது என்பதைக் காட்டும் அளவுகள்) கணக்கிட்டு, கோல், தட்டு, கோளம் ஆகிய மூன்று முனைகள் கொண்ட முக்கோணத்தில் குறித்துப் பார்க்கவும். புள்ளிகள் கோல்-தட்டு விளிம்பிலேயே குவிந்தால், அரோமேட்டிக் வளையங்களைக் குறைத்து, நிறைவுற்ற கார்பன்களைக் கூட்டித் திட்டத்தைத் திருத்தவும்.