பழைய மாருதி ஜென்னை டிராக் காராக்குவது எப்படி: ஹில்கிளைம்ப் பாணியில், வீட்டு ஷெட்டில்

இந்த வண்டி ரோட்டுக்கு வராது. அதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், ஹெல்மெட் போடாமல், கவிழ்ந்தால் காக்க உள்ளே வைக்கும் இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஓட்டினால் சின்ன இடியில்கூடத் தலை குழாயில் மோதும். அதனால் செலவுக் கணக்கு எழுதும்போது, காரை டிராக்குக்கு ஏற்றிப் போகும் ரிக்கவரி வண்டி வாடகையை முதல் வரியில் எழுதுங்கள். நிறையப் பேர் அதைக் கடைசியில் எழுதிவிட்டு, அப்புறம் ராத்திரி பதினொரு மணிக்கு ரோட்டிலேயே ஓட்டிப் போகலாமா என்று யோசிக்கிறார்கள்.

நான் கோவை கணபதி பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட், அதில் ஒரு பழைய மாருதி ஜென். இந்த ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. மாருதி 800 பாகங்களை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் காரைக் கட்டிய கரிவரதன் இந்த ஊர்க்காரர். 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் டிராக் அவர் பெயரில்தான் ஓடுகிறது. விலை குறைந்த பாகங்களில் ரேஸ் கார் செய்யலாம் என்பதை நாங்கள் பார்த்தே வளர்ந்தோம்.

சரி, ஹில்கிளைம்ப் என்றால் என்ன? மலைப்பாதையில் ஒவ்வொருவராகக் கிளம்பி, கடிகாரத்தோடு மட்டும் போட்டி போடுவது. இங்கிலாந்தில் ஷெல்ஸ்லி வால்ஷ் என்ற இடத்தில் 1905-இலிருந்து நடக்கிறது. பாதை ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அமெரிக்காவின் பைக்ஸ் பீக்கில் 1916-இல் தொடங்கினார்கள்; அங்கே 20 கிலோமீட்டர், 156 வளைவு, முடிகிற இடம் 4,300 மீட்டர் உயரம். இரண்டிலும் ஒரே விதி: வார்ம்-அப் லேப் கிடையாது. டயர் குளிர்ந்திருக்கும், பிரேக் குளிர்ந்திருக்கும், முதல் வளைவிலேயே வண்டி சொன்னபடி கேட்க வேண்டும். அதனால்தான் அந்த வண்டிகள் எடை குறைவாக, வேகம் சீக்கிரம் ஏறும்படி கியர் குட்டையாக, முன்பக்கம் அகலமாக இருக்கின்றன.

நாம் ஓட்டப் போவதோ டிராக்கில். செட்டிபாளையத்தில் 2 கிலோமீட்டர் சொச்சத்தை விடாமல் இருபது நிமிஷம் சுற்றுவோம். அங்கே எதிரி சூடு. ஹில்கிளைம்ப் வண்டியின் பிரேக்கும் கூலிங்கும் சில நிமிஷ வேலைக்குச் செய்தவை. அப்படியே எடுத்து வைத்தால் நாலாவது லேப்பில் பெடல் தரையைத் தொடும். ஆகவே எடை, கியர், முன்பக்கப் பிடிப்பு மூன்றையும் மலையிடமிருந்து வாங்குங்கள். பிரேக்கையும் ரேடியேட்டரையும் டிராக்குக்கென்றே செய்யுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு கணக்குதான்.

வண்டி எடுக்கும்போது

ஜென், 800, பழைய ஆல்டோ, முதல் தலைமுறை ஸ்விஃப்ட், எதுவும் ஆகும். நான் ஜென்னை எடுக்கச் சொல்வேன். 993 சிசி எஞ்சின் அலுமினியம், வண்டி முக்கால் டன் பக்கம், மாருதி எஸ்டீமின் 1.3 லிட்டர் எஞ்சினும் இதே குடும்பம் என்பதால் பின்னாளில் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. சுசுகி குடும்பத்துக்கு மலையும் புதிதில்லை. 1980-களின் இறுதியில் ஜப்பானின் நொபுஹிரோ தஜிமா, நம் மாருதி 1000-க்கு உறவான சுசுகி கல்டஸ் ஹேட்ச்பேக்கில் முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் ஒரு எஞ்சின் வைத்து பைக்ஸ் பீக் ஏறினார். நமக்கு ஒன்று போதும்.

பெயின்டையும் ஓடிய கிலோமீட்டரையும் பார்க்காதீர்கள். துருவைப் பாருங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கதவுக்கு அடியில் ஓடும் சில், முன் ஸ்ட்ரட் (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) பூட்டியிருக்கும் இடம், பின் ஆக்ஸில் கைகள் மாட்டும் இடம் மூன்றையும் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். கடற்கரைப் பக்க வண்டிகளில் இது அதிகம். எஞ்சினுக்கு கம்ப்ரஷன் டெஸ்ட் போதும். எல்லா சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால் சரி. ஆர்சி யார் பெயரில் இருக்கிறது, கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு, ஆர்டிஓவில் முறையாகப் பதிவை ரத்து செய்ய எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எடை இறக்குவது

காசு வாங்காமல் வேகம் தரும் வேலை இது ஒன்றுதான். பின் சீட், கார்பெட், கதவு பேடு, கூரைத் துணி, ஸ்டெப்னி, ஏசி மொத்தமும் வெளியே. கழற்றும் ஒவ்வொன்றையும் பழைய இரும்புக்கடைத் தராசில் வைத்து நோட்டில் எழுதி வையுங்கள். எங்கே நிறுத்துவது என்று அந்த நோட்டு சொல்லும். தரையில் தார் மாதிரி ஒட்டியிருக்கும் சத்தம் தடுக்கும் ஷீட்டுக்கு டிரை ஐஸ் பரப்பி, அது கண்ணாடி போல இறுகியதும் சுத்தியலால் தட்டினால் சில்லு சில்லாக வரும். ஷெட் கதவுகளைத் திறந்து வையுங்கள்; அதிலிருந்து வருவது கார்பன் டை ஆக்சைடு, மூடிய இடத்தில் மூச்சு முட்டும். கையுறை கட்டாயம்.

முன் கண்ணாடியை மட்டும் தொடாதீர்கள். பக்கமும் பின்னும் 4 மி.மீ. பாலிகார்பனேட் போடலாம். பார்க்க அதே மாதிரி இருக்கும் அக்ரிலிக் வேண்டாம், உடைந்தால் கத்தி.

கூண்டு

என்னுடைய வெல்டர் முதல் நாள் கேட்டார்: “ஏனுங்கண்ணா, இதுக்கு எதுக்குங்க சீம்லெஸ் பைப்பு? கேட்டுக்குப் போடற பைப்பே நிக்குமுங்க.” நிற்கும். நின்று கொண்டிருக்கும் வரை எதுவும் நிற்கும். கவிழ்ந்தால் தையல் இருக்கும் குழாய் தையலில் பிளக்கும், மெலிந்த குழாய் மடங்கும்.

சர்வதேசக் கார்ப் பந்தய அமைப்பான எஃப்ஐஏ இதற்கு அளவு வைத்திருக்கிறது. குளிர்நிலையில் இழுத்த, தையலில்லாத கார்பன் எஃகு. தலைக்குப் பின்னால் நிற்கும் மெயின் ஹூப்புக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50-க்கு 2. மற்றக் குழாய்களுக்கு 38-க்கு 2.5, அல்லது 40-க்கு 2. குளிர்ந்த நிலையிலேயே வளைக்க வேண்டும். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. மணல் நிரப்பி, கேஸ் வைத்துச் சுட்டு வளைக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. இங்கே அது ஆகாது. கூண்டின் கால் தரையைத் தொடும் இடத்தில் குறைந்தது 3 மி.மீ. தகட்டை 120 சதுர செ.மீ. பரப்புக்கு பாடியோடு வெல்ட் வைத்து, அதன்மேல் காலை நிறுத்துங்கள். அந்தத் தகடு இல்லாவிட்டால் கவிழும்போது குழாய் தரையைக் குத்திக்கொண்டு கீழே இறங்கிவிடும்.

அளவெடுப்பதும் பிவிசி குழாயில் மாதிரி செய்வதும் நீங்கள் செய்யலாம். வெல்டிங்கை, ஏற்கெனவே ரேஸ் கூண்டு வைத்த கையிடம் விடுங்கள். இருபது வருஷமாக லேத்தில் நிற்கும் நானே இதில் டார்ச்சைத் தொடவில்லை. போட்டியில் இறங்கும் எண்ணம் இருந்தால் குழாய் வாங்குவதற்கு முன்பே அந்தப் பிரிவின் விதிப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.

சீட்டும் பெல்ட்டும் எஃப்ஐஏ முத்திரையும் தேதியும் உள்ளதாக இருக்கட்டும். தோள் பெல்ட் தோளிலிருந்து பின்னோக்கிக் கொஞ்சமாக இறங்க வேண்டும். 10 முதல் 20 டிகிரி நல்லது. அதைப் பின் தரையில் கொண்டுபோய் மாட்டினால் இடியில் முதுகெலும்பை அமுக்கும். கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான், உள்ளும் வெளியும் இயக்கும் பேட்டரி கட்-ஆஃப், பெட்ரோல் டாங்குக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு தகட்டுச் சுவர். இவற்றில் பேரம் பேசாதீர்கள்.

பிரேக்

எஞ்சினுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை இங்கே திருப்புங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். குடிக்கக் குடிக்க அதன் கொதிநிலை இறங்கும். டாட் 3 புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி தாங்கும், ஈரம் ஏறியபின் 140-தான். டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. ரேஸ் ஆயில் 300-ஐத் தாண்டும். கொதித்தால் குழாய்க்குள் நீராவி, நீராவி அமுங்கும், பெடல் பஞ்சாகும். புது ஆயில், எஃகு வலை சுற்றிய ஹோஸ், டிராக் பேட், இந்த வரிசையில் மாற்றுங்கள். முன் பம்பரில் ஃபாக் லேம்ப் இருந்த ஓட்டையிலிருந்து ஒரு ஹோஸை இழுத்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்று விடுங்கள். ஒரு முகத்தில் மட்டும் அடித்தால் டிஸ்க் கோணும். பின் டிரம் அப்படியே இருக்கட்டும். முன் சக்கர இழுவை வண்டியில் நிறுத்தும் வேலை பெரும்பாலும் முன்னால்தான்.

சஸ்பென்ஷன், நூல், தூக்குக்குண்டு

எனக்குப் பிடித்த வேலை இது. ஜென்னின் பின்னால் ஒற்றை ஆக்ஸில், அங்கே கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வை, மாற்ற ஒன்றுமில்லை. விளையாட்டு எல்லாம் முன்னால். ஸ்ட்ரட்டின் மேலே கேம்பர் பிளேட் போட்டு சக்கரத்தின் தலையை உள்பக்கம் சாய்க்க வேண்டும், இரண்டரை டிகிரி அளவுக்கு. அளக்க மெஷின் வேண்டாம். சமதரையில் கொத்தனாரின் தூக்குக்குண்டை ரிம்முக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள வித்தியாசத்தை அளங்கள். 13 அங்குல ரிம்மில் ஒரு டிகிரிக்குச் சுமார் 6 மி.மீ. வரும், இரண்டரைக்கு 15. டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. அதற்கு, வண்டியின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு நட்டு நடுக்கோட்டுக்கு இணையாக நூல் கட்டி, ரிம்மின் முன் விளிம்பும் பின் விளிம்பும் நூலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பாருங்கள். பக்கத்துக்கு ஒரு மி.மீ. வெளிப்பக்கம் திறந்திருந்தால் மூக்கு சட்டென்று திரும்பும்.

பின்பக்க ஸ்ப்ரிங்கை முன்னைவிடக் கெட்டியாக்குங்கள். முன் சக்கர வண்டி வளைவில் வெளியே நழுவப் பார்க்கும். பின்பக்கம் கெட்டியானால் அது குறையும். உயரத்தை ரொம்ப இறக்க வேண்டாம். முன் சக்கரங்களைப் பிடித்திருக்கும் கீழ்க்கைகள் தரைக்கு இணையாக நிற்கும் இடமே எல்லை. அதற்குக் கீழே இறக்கினால் போஸ்டருக்கு அழகு, வளைவுக்கு ஆகாது.

நாலு சக்கர எடைக்கு, மண்டியில் மூட்டை எடை போடும் எலக்ட்ரானிக் தராசுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கினேன். டியூப் லெவல் வைத்து நான்கையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்தபடி எடை எடுக்க வேண்டும். முன் இடது, பின் வலது இரண்டையும் கூட்டினால் மொத்தத்தில் பாதி வர வேண்டும். வராவிட்டால் உயரம் மாற்றும் ஸ்ப்ரிங் இருக்கையைத் திருகிச் சரிசெய்யலாம்.

எஞ்சின், அப்புறம் றெக்கை

நல்ல நிலையில் இருக்கும் சொந்த எஞ்சினோடே முதல் வருஷத்தை ஓட்டுங்கள். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல், பெரிய ரேடியேட்டர், வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்காமல் இருக்க, அது தேங்கும் அடித்தொட்டியான சம்ப்புக்குள் தடுப்புத் தகடு, இவ்வளவு போதும். அலுமினிய ஹெட் ஒருமுறை அதிகமாகச் சூடேறினால் கோணும்; ஆகவே டெம்பரேச்சர் மீட்டரைப் பெரிதாக, கண்ணுக்கு நேரே வையுங்கள். அதற்குமேல் ஆசை இருந்தால் எஸ்டீமின் 85 குதிரைச்சக்தி எஞ்சினைத் தேடுங்கள். எடை குறைக்க ஃப்ளைவீலைக் கடையும் வேலையை பேலன்சிங் மெஷின் இல்லாத பட்டறையில் கொடுக்காதீர்கள். நான் லேத்காரன், சொல்கிறேன்.

பைக்ஸ் பீக் வண்டிகளின் பிரம்மாண்டமான றெக்கை எல்லாருக்கும் பிடிக்கும். அங்கே அது பெரிதாக இருக்கக் காரணம் மேலே காற்று மெலிந்திருப்பது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 120-இல் கிடைப்பதில் கால்வாசிதான் 60-இல் கிடைக்கும். நம் ஜென்னுக்கு முன்னால் ஒரு ஸ்பிளிட்டர், அதாவது பம்பருக்கு அடியில் முன்னோக்கி நீட்டும் தட்டு, போதும். 12 மி.மீ. மரைன் பிளைவுட், மேலே ஒரு ஆள் ஏறி நின்றாலும் அசையாத அளவுக்கு சேசிஸோடு கட்டுங்கள். பம்பருக்குக் கீழே மறைப்பதற்குப் போர்டு எழுதும் கடையில் கிடைக்கும் 3 மி.மீ. ஏசிபி ஷீட் (இருபக்கமும் அலுமினியம் ஒட்டிய பிளாஸ்டிக் தட்டு), வெட்டுத் துண்டாகக் கேட்டால் மலிவு. பானட்டில் சூடு போக ஓட்டை வைப்பதென்றால் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். கண்ணாடிக்கு ஒட்டி வைத்தால் அங்கே அழுத்தம் அதிகம், காற்று உள்ளேதான் வரும்.

முதல் நாள் டிராக்கில்

முதல் செஷனில் டைம் எடுக்காதீர்கள். மூன்று லேப் மெதுவாகச் சுற்றி உள்ளே வந்து, வீல் நட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சில் பாருங்கள், கூண்டு போல்ட், ஸ்டியரிங் போல்ட், ஆயில் கசிவு, பிரேக் ஹோஸ் எங்காவது டயரில் உரசிய தடம். டயரின் தரை தொடும் முகத்திலிருந்து ஓரத்தைத் தாண்டிப் பக்கவாட்டு வரை சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு அடுத்த செஷன் போங்கள். கோடு ஓரத்துக்குக் கீழேயும் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று ஏற்றுங்கள். ஓரம்வரைகூட அழியவில்லை என்றால் இறக்குங்கள். ஒவ்வொரு செஷனிலும் கடைசி லேப் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி வாருங்கள். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். சூடான டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, டயருக்கு ஒரு கட்டை வையுங்கள்.